மாட்டின் தோளுக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?

கேள்வி:

வணக்கம் ஐயா. டல்லாஸ் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வயது 36. எட்டு மாதத்துக்கு முன்னால் மேனேஜர் ஆனேன். எனக்குக் கீழே 12 பேர்: ஐந்து பேர் இங்கே, ஏழு பேர் சென்னையில். எனக்கு முன்னால் இந்த இடத்தில் இருந்தவர் ரொம்பச் சாது, வேலை ஆமை வேகத்தில் நடந்தது. நான் வந்ததும் ஒழுங்குபடுத்தினேன். தினமும் காலை 9 மணிக்கு ஒரு கால் (எல்லோரும் சேரும் அழைப்பு), மதியம் 12 மணிக்கு இன்னொரு கால். அவர் வெள்ளிக்கிழமைதோறும் சென்னை ஆட்களோடு அரை மணி நேரம் சும்மா பேசிக்கொண்டிருப்பார், அஜெண்டா எதுவும் கிடையாது. அதை நிறுத்திவிட்டேன்.

ஆறு வாரத்தில் சென்னையில் இரண்டு சீனியர்கள் ராஜினாமா கொடுத்துவிட்டார்கள். மற்றவர்களை காலில் கேட்டால் ‘ஆன் ட்ராக்’ என்கிறார்கள். ஆனால் ரிலீஸ் மூன்று வாரமாவது தள்ளிப்போகும் என்று எனக்கே தெரிகிறது. என் டைரக்டர் டெக்சாஸ்காரர். போன மாதம் எங்களை ஒரு ராஞ்சுக்கு, அதாவது மாட்டுப் பண்ணைக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் கௌபாய் தலைமைப் பயிற்சி என்று நடத்தினார். அலுவலகச் சுவரெல்லாம் அந்த வாசகங்கள்தான்: சம்பளம் தரும் பண்ணைக்கு விசுவாசமாக இரு, குறைவாகப் பேசு, விழுந்தால் தூசியைத் தட்டிக்கொண்டு எழு. தள்ளிப்போகும் என்று அவரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது, அவருக்குப் புலம்பல் பிடிக்காது. இந்தக் கௌபாய் ஞானத்தில் உருப்படியாக ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் தொப்பி வியாபாரமா? நான் இன்னும் கறாராக இருக்க வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெக்சாஸ்

பதில்:

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்னும் கறார் வேண்டாம். இப்போது இருப்பதிலேயே பாதியை இறக்கி வைக்க வேண்டியிருக்கும். ஏன் என்று சொல்ல ஒரு மாட்டைப் பற்றிப் பேச வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது கால்நடை மருத்துவம். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். டெக்சாஸின் வடக்கு மூலையில், அமரில்லோவிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, மாடுகளைக் கொழுக்க வைத்து விற்கும் ஃபீட்லாட் ஒன்றில் ஒன்பது வருடம் இருந்தேன். மாடுகளின் உடல்நலம் என் பொறுப்பு. எனக்குக் கீழே 14 பேர், அதில் முதல் வருடமே மூன்று பேர் வேலையை விட்டுப் போனார்கள். மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இந்த வேலைக்கு வந்தது அதற்கெல்லாம் அப்புறம்தான். ஆகவே நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் சூடு எனக்குத் தெரியும்.

சேர்ந்த இரண்டாவது வாரம். புதிதாக லாரியில் வந்து இறங்கிய மாடுகளுக்கு ஊசி போட வேண்டும். பலகை அடித்த குறுகலான சந்து ஒன்று இருக்கும். அதற்குள் மாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினால், முடிவில் கழுத்தைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கூண்டு. அன்றைக்குச் சிவப்புக் கிடேரி ஒன்று சந்தின் வாயிலேயே நின்றுவிட்டது. நான் நேராக அதன் முகத்துக்கு முன்னால் போய்க் கையை ஆட்டிக் கத்தினேன். பின்னால் நகர்ந்தது. சுற்றி ஓடிப்போய் வால் பக்கம் தட்டினேன். சட்டென்று திரும்பி என்னை உரசிக்கொண்டு ஓடியது, அதைப் பார்த்துப் பின்னால் நின்ற ஆறு மாடும் கலைந்தன. ஊசி சிரிஞ்சு சேற்றில்.

ஃபோர்மேன் வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மெக்சிகோ வழி வந்த குடும்பம், தாத்தா காலத்திலிருந்து மாட்டு வேலை. “டாக்டர், ரெண்டு அடி பின்னால வாங்க” என்றார். வந்தேன். கிடேரி மறுபடியும் சந்து வாய்க்கு வந்து நின்றது. “இப்ப அதோட தோளுக்குப் பின்பக்கமா ஒரே ஒரு அடி வைங்க. அங்கேயே நில்லுங்க.” வைத்தேன். கிடேரி ஓர் அடி முன்னால் வைத்தது. “இப்ப ஒரு அடி பின்வாங்குங்க.” பின்வாங்கினேன். அதன் காது தளர்ந்தது, தலை கொஞ்சம் தாழ்ந்தது. மறுபடியும் ஓர் அடி முன்னே, ஓர் அடி பின்னே. மூன்றாவது தடவை அது பாட்டுக்குச் சந்துக்குள் நடந்து போய்விட்டது. யாரும் அதைத் தொடக்கூட இல்லை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் இருக்கிறது. அதன் விளிம்பில் கால் வைத்தால் மாடு அமைதியாக நகரும். விளிம்பைத் தாண்டி உள்ளே போனால் மிரளும், திரும்பி உங்களைத் தாண்டியே ஓடும். தோள்பட்டை தராசு முள் மாதிரி: அதற்குப் பின்னால் நின்றால் மாடு முன்னே போகும், முன்னால் நின்றால் பின்னே போகும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் இதையெல்லாம் படம் போட்டு விளக்கி எழுதியவர். அமெரிக்காவில் மாட்டைக் கையாளும் முறை மாறியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் ஃபோர்மேன் அவர் எழுதியதைப் படித்திருப்பாரா என்பது சந்தேகம். அவருக்கு அது கால் பழக்கம்.

குதிரை பழக்குகிறவர்களிடம் கேட்டால் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். கடிவாளத்தை இழுக்கும்போது குதிரை எதையும் கற்பதில்லை. இழுத்த கை தளரும் அந்த நொடியில்தான் கற்கிறது. சொன்னதைச் செய்த உடனே கயிறு தளர வேண்டும். தளராவிட்டால், தான் செய்தது சரியா தப்பா என்று அதற்குத் தெரியவே தெரியாது. இப்படியே இழுத்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் வாய் மரத்துப்போகும், அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் உறைக்காது.

ஆட்கள் மாடும் இல்லை, குதிரையும் இல்லை. மாட்டுக்கு லிங்க்ட்இன் கணக்கு கிடையாது, உங்கள் ஆட்களுக்கு இருக்கிறது. அந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் இரண்டு அழைப்புகளைப் பாருங்கள். காலை 9 மணி கால் சென்னையில் இரவு 7:30. மதியம் 12 மணி கால் அங்கே இரவு 10:30. நவம்பரில் இங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்தபின் 11:30. இடையில் மூன்றே மணி நேரம். அதில் அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? சாப்பிட்டிருப்பார்கள், பிள்ளையைத் தூங்க வைத்திருப்பார்கள், மீதி நேரம் உங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்திருப்பார்கள். நல்லது சொன்னாலும் மறுநாள் இரண்டு கால், கெட்டது சொன்னாலும் மறுநாள் இரண்டு கால். கயிறு எப்போதும் ஒரே இழுப்பில் இருக்கிறது. அதனால் எந்தச் சொல் அழைப்பைச் சீக்கிரம் முடிக்குமோ அந்தச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ‘ஆன் ட்ராக்’. வாய் மரத்துவிட்டது, அவ்வளவுதான். பொய் சொல்கிறார்கள் என்று அவர்கள்மேல் கோபப்படாதீர்கள்.

12 மணி அழைப்பை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஒருவர் ஒரு வேலையைச் சொன்ன நாளில் முடித்தால், அடுத்த இரண்டு நாள் அவரிடம் நிலவரமே கேட்காதீர்கள். பாராட்டு மின்னஞ்சல்கூட வேண்டாம் என்பேன், அதைவிட இந்த இரண்டு நாள் அவருக்கு நன்றாகப் புரியும்.

சரி, இப்போது உங்கள் டைரக்டரின் சுவருக்கு வருவோம். அந்த வாசகங்கள் வானத்திலிருந்து குதித்தவை இல்லை. வயோமிங் மாநிலம் 2010இல் இதே ரகத்தில் பத்து வரிகளை மாநிலத்தின் அதிகாரபூர்வ நெறியாகச் சட்டமே போட்டது. தைரியமாக வாழ், தொடங்கியதை முடி, கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்று போகும். படித்தால் எனக்குப் பள்ளிக்கூடச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது. வரிகளில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சுவரில் இருக்கும் கௌபாய் எப்போதும் தனியாக, சூரியன் மறையும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நிஜத்தில் அவன் தனியாக வேலை செய்ததே குறைவு. குழுவில் ஒருவன், மாதச் சம்பளக்காரன்.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் மாடுகள் லட்சக்கணக்கில் திரிந்தன, வாங்கத்தான் ஆள் இல்லை. இங்கே சுமார் 4 டாலருக்குப் போன மாடு வடக்கே 40 டாலர் வரை போகும் என்று பேச்சு. 1867இல் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி கான்சாஸ் மாநிலம் அபிலீனில், ரயில் பாதை ஓரமாகப் பெரிய பட்டி கட்டினார். அங்கே வரைக்கும் மாடுகளை நடத்தியே கொண்டுபோனார்கள். அதுதான் சிஷோம் தடம். ஒரு மந்தையில் இரண்டாயிரம், மூவாயிரம் மாடு, கூடப் போவது ஏறக்குறைய 12 பேர். உங்கள் டீம் அளவுதான்.

அந்த 12 பேரும் எங்கே நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள். அனுபவசாலிகள் இரண்டு பேர் முன்னால், மந்தையின் மூக்குக்கு இரு பக்கமும். நடுவில் பக்கவாட்டில் சிலர். கடைசியில் ‘டிராக்’ என்று ஓர் இடம், பெரும்பாலும் புது ஆட்களுக்கு. இரண்டாயிரம் மாட்டின் குளம்பு கிளப்பும் புழுதி முழுவதும் அவர்கள் மூக்கில்தான் போகும். கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டு, நொண்டுகிற மாடு, பின்தங்குகிற மாடு எல்லாவற்றையும் அவர்கள்தான் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஃபோர்ட் வொர்த் பழைய மாட்டுச் சந்தைப் பகுதிக்கு நீங்கள் போயிருப்பீர்கள். சுற்றுலாக்காரர்களுக்காகத் தினமும் காலை 11:30க்கும் மாலை 4 மணிக்கும் நீளக்கொம்பு மாடுகளைத் தெருவில் நடத்திப் போகிறார்களே, எல்லோரும் போட்டோ எடுப்பது முதலில் வரும் மாட்டையும் குதிரையையும்தான். அடுத்த தடவை கடைசிக் குதிரைக்காரரைப் பாருங்கள்.

உங்கள் டீமில் டிராக் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாடிக்கையாளர் கேள்வி கேட்கும் கூட்டத்தில் டல்லாஸ் ஐந்து பேர் இருக்கிறார்கள், அந்தக் கூட்டம் கிளப்பும் புழுதி இரவு 10:30க்குச் சென்னையில் இறங்குகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது அழைப்பைக் காலை 7 மணிக்கு வையுங்கள், அங்கே மாலை 5:30. டல்லாஸ்காரர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். அவர்களும் கொஞ்சம் தூசி தின்றால் ஒன்றும் ஆகாது.

அப்புறம் அந்த 12 பேருக்குத் தலைவன், டிரெயில் பாஸ், எங்கே இருந்தான்? பின்னால் சாட்டையோடு வந்திருப்பான் என்று நானும் நினைத்திருந்தேன். மந்தைக்குப் பல மைல் முன்னால் தனியாகப் போய்த் தண்ணீர் எங்கே, புல் எங்கே, ஆற்றை எந்த இடத்தில் கடக்கலாம் என்று பார்த்துவருவது அவன் வேலை. மந்தை நாளைக்கு எங்கே நிற்கும் என்பது அவன் தலைவலி. இரவில் சமையல் வண்டியின் ஏர்க்காலை துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள், காலையில் வானம் மூடியிருந்தாலும் திசை தெரிய வேண்டும் என்று. கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் எத்தனை மணி நேரம் முன்னால் போய்த் தண்ணீர் பார்த்தீர்கள்? வாடிக்கையாளரிடம் நிற்கும் அனுமதி, வேறு டீமிடம் மாட்டிக்கொண்டிருக்கும் சர்வர் வேலை, யாரும் முடிவு சொல்லாமல் கிடக்கும் கேள்விகள். கால் நடத்தப் போன நேரத்தை அங்கே போடுங்கள்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு நாளைக்குப் பத்திலிருந்து பதினைந்து மைல், அவ்வளவுதான் நடத்துவார்கள். விரட்டினால் கூடுதலாகப் போயிருக்கும். ஆனால் மாடு இளைத்துவிடும், எலும்பும் தோலுமாக அபிலீன் போய்ச் சேர்ந்தால் விலை கிடைக்காது. மேய்த்துக்கொண்டே போக வேண்டும். உங்களுக்கு முன்னால் இருந்தவர் ஆமை வேகத்தில் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் காலத்தில் எத்தனை பேர் வேலையை விட்டார்கள் என்று எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள்.

(சமையற்காரரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை விட மனமில்லை. மாட்டுப் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட் 1866இல் பழைய ராணுவ வண்டி ஒன்றை வாங்கி, பின்பக்கம் அலமாரி அடித்து, மாவு, காபி, பீன்ஸ் எல்லாம் அடுக்கி முதல் சமையல் வண்டியைச் செய்தார். பல குழுக்களில் சமையற்காரருக்குக் கௌபாயைவிட அதிகச் சம்பளம். சாப்பாடு மட்டுமில்லை, மருந்து, தையல், சண்டை விலக்குவது எல்லாம் அந்த ஆள்தான். உங்கள் டீமிலும் எந்தப் பதவிப் பெயரும் இல்லாமல் அந்த வேலையைச் செய்கிற ஒருவர் இருப்பார். ராஜினாமா கொடுத்த இரண்டு பேரில் அவர் இல்லாமல் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.)

இப்போது அந்த வெள்ளிக்கிழமை அரை மணி நேரம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான்.

இங்கே எந்த ராஞ்சுக்குள் நுழைந்தாலும் முதல் பாடம் கேட் பற்றியது. வேறொருவர் நிலத்தில் போகும்போது கேட் மூடியிருந்தால், கடந்து போனதும் மூடு. திறந்திருந்தால் திறந்தபடியே விடு. பார்க்க அலட்சியமாகத் திறந்து கிடப்பதுபோல் இருக்கும். நீங்கள் நல்ல எண்ணத்தில் மூடிவிட்டு வருவீர்கள். அந்தப் பக்கம் மேயும் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி இந்தப் பக்கம் இருக்கும். ஆகஸ்ட் மாதத்து டெக்சாஸ் வெயிலில் ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் ஊர் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கிளுவை வேலி, இங்கே முள்கம்பி. படலைத் திறந்து போட்டால் கிடைக்கும் ஏச்சு மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அஜெண்டா இல்லாத அந்த அரை மணி நேரம் திறந்து கிடந்த கேட். காலில் சொல்ல முடியாததை, மின்னஞ்சலில் எழுத முடியாததை, யாரோ ஒரு ஜூனியர் பேச்சுவாக்கில் சொல்வதற்கு இருந்த வழி. நீங்கள் மூடியது தப்பு என்று திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நான் மூடிய கேட்டுகளின் பட்டியல் உங்களுடையதைவிட நீளம். ஃபீட்லாட்டில் விடிகாலை ஐந்தரை மணிக்கு ஆட்கள் கூடிப் பதினைந்து நிமிடம் காபி குடித்துக்கொண்டு நிற்பார்கள். சம்பளம் கொடுத்து எதற்குக் காபி குடிக்க வைக்க வேண்டும் என்று நிறுத்தினேன். இரவுக் காவல் ஆள் எந்தப் பட்டியில் எந்த மாடு இருமியது என்று பகல் ஆளிடம் சொன்னது அந்தக் காபியில்தான் என்று தெரிய எனக்கு நாற்பது மாடு காய்ச்சலில் விழ வேண்டியிருந்தது. போன அந்த மூன்று பேரில் ஒருவர் அந்த இரவுக் காவலர்.

சம்பளம் தரும் பண்ணைக்கு விசுவாசம் என்ற வாசகத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் அது ‘ரைட் ஃபார் தி பிராண்ட்’. பிராண்ட் என்பது மாட்டின் தொடையில் காய்ச்சிய இரும்பால் போடும் சூட்டுக்குறி. எந்தக் குறிக்காகக் குதிரை ஏறுகிறாயோ அதற்கு உண்மையாக இரு என்பது பழைய பேச்சு. நம் உப்பிட்டவரை உள்ளளவும் நினை மாதிரி. உப்பு போடுவது முதலில் என்பதை அதிலேயே பாருங்கள்.

ரிச்சர்ட் கிங் என்பவர் தெற்கு டெக்சாஸில் 1853இல் கிங் ராஞ்சைத் தொடங்கினார். மறு வருடம் மெக்சிகோவில் க்ரூயாஸ் என்ற ஊர் வறட்சியில் கிடந்தபோது அங்கே போய் அவர்கள் மாடுகளை வாங்கினார். திரும்பி வரும் வழியில், மாட்டை விற்றுவிட்டு அந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கும் என்று யோசித்திருக்கிறார். திரும்பிப் போய், வீடும் சோறும் வேலையும் தருகிறேன், வாருங்கள் என்று கூப்பிட்டார். ஊரே கிளம்பி வந்தது. கினேன்யோ, கிங்கின் ஆட்கள் என்று பெயர் பெற்ற அந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதே ராஞ்சில் வேலை செய்தன. அவர் தர்மத்துக்காகச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன், மாட்டு வேலை தெரிந்த ஆட்கள் அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் விசுவாசம் எங்கே தொடங்கியது என்று தெரிகிறது அல்லவா.

முன்னே சொன்ன குட்நைட்டின் குழுவில் போஸ் ஐகார்ட் என்ற கறுப்பினக் கௌபாய் இருந்தார், அடிமையாகப் பிறந்தவர். வழியில் மந்தை விற்ற பணத்தை குட்நைட் அவரிடம்தான் கொடுத்துவைப்பார். ஐகார்ட் 1929இல் இறந்தபோது, தொண்ணூறு வயதைத் தாண்டிய குட்நைட், தன்னோடு அவர் நான்கு வருடம் தடத்தில் வந்ததையும் ஒரு வேலையிலும் பின்வாங்காததையும் பொறித்துக் கல் நாட்டினார். பணத்தை நம்பிக் கொடுத்தது முதலில், கல்வெட்டு அறுபது வருடம் கழித்து.

சுவரில் ஒட்டாத கதையும் உண்டு. 1883 வசந்தத்தில் டெக்சாஸ் வடக்கு மூலையில் கௌபாய்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். கிழக்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் முதலீட்டாளர்கள் வந்து ராஞ்சுகளை வாங்கியபின், ஆட்கள் சொந்தமாக நாலு மாடு வளர்த்துக்கொள்ளும் பழைய சலுகைகள் போயின. மாதம் 50 டாலர் கேட்டு 24 பேர் கையெழுத்துப் போட்டார்கள். நல்ல சமையற்காரருக்கும் 50 டாலர் தர வேண்டும் என்பது அதில் இரண்டாவது கோரிக்கை. தோற்றுப்போனார்கள், பலருக்கு வேலை போனது. குறி அதுவேதான், குறிக்குப் பின்னால் இருந்த கை மாறியிருந்தது. உங்கள் சீனியர்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போடாமல் செய்தது இதைத்தான். டைரக்டரிடம் இதையெல்லாம் சொல்லி வாதாடச் சொல்லவில்லை. அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் சென்னைப் பெயர் ஒன்று இருக்கட்டும், விசுவாசம் பற்றி அவரோடு பேச உங்களுக்கு அது போதும்.

கடைசியாக, அவரிடம் கெட்ட செய்தி சொல்வது. இதற்கு உங்கள் டைரக்டருக்கே பிடித்த ஒரு கதை இருக்கிறது, அவர் கௌபாய் ரசிகர் என்றால் கட்டாயம் தெரிந்திருக்கும்.

1886 கோடை வறட்சி, மேய்ச்சல் நிலத்தில் அளவுக்கு மீறி மாடு, அதன்மேல் அந்தக் குளிர்காலத்தில் விடாத பனிப்புயல். மான்டானாவிலும் டகோட்டாவிலும் மாடுகள் நின்ற இடத்திலேயே செத்தன. பிற்காலத்தில் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்கூட டகோட்டாவில் வைத்திருந்த மந்தையில் பாதிக்கு மேல் இழந்தார். மான்டானாவில் ஒரு ராஞ்சின் ஃபோர்மேனுக்கு, தூரத்தில் ஊரில் இருந்த முதலாளியிடமிருந்து மாடுகள் எப்படி இருக்கின்றன என்று கடிதம் வந்தது. என்ன எழுதுவது என்று அவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, கூட இருந்த 22 வயது கௌபாய் ஒருவன் அஞ்சலட்டை அளவுக்கு ஒரு படம் வரைந்தான். விலா எலும்பு தெரிய, பனியில் சாகும் நிலையில் நிற்கும் ஒரே ஒரு மாடு, சுற்றிலும் காத்திருக்கும் ஓநாய்கள். கடிதமே வேண்டாம் என்று அந்தப் படத்தையே அனுப்பினார்கள். வரைந்தவன் சார்லஸ் ரஸ்ஸல். பின்னாளில் அமெரிக்க மேற்கின் பெரிய ஓவியர்களில் ஒருவரானார், அந்தச் சின்னப் படம்தான் அவருக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது.

குறைவாகப் பேசு என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். உங்கள் டைரக்டருக்குப் புலம்பல் பிடிக்காது என்றால் புலம்பாதீர்கள், படத்தைக் காட்டுங்கள். ஒரே பக்கம். ரிலீஸ் எந்தத் தேதி என்று சொல்லியிருந்தோம், உண்மையில் எந்தத் தேதி ஆகும், ராஜினாமா கொடுத்த இரண்டு பேர் எந்த எந்த வேலையை வைத்திருந்தார்கள், அது இப்போது யாரிடம் இருக்கிறது அல்லது யாரிடமும் இல்லை. மூன்று வாரம் தாமதம் என்றால் மூன்று என்றே எழுதுங்கள், ‘சற்றே’ என்று எழுதாதீர்கள். உங்களால் ஆன தவற்றை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், இரண்டு வரி வேண்டாம். இந்த வாரமே கொடுங்கள். பனி பெய்து முடிந்து வசந்தத்தில் போய் மாட்டை எண்ணிய முதலாளிகளுக்கு வந்த கோபம் வேறு மாதிரி. அவர் கத்தினாலும் கத்தட்டும். மந்தை மிரண்டு ஓடும்போது பழகிய கௌபாய் பின்னால் துரத்த மாட்டான். பக்கவாட்டில் முந்திப்போய் முன்னால் ஓடும் மாட்டைத் திருப்புவான். தலை திரும்பினால் மந்தை வட்டமடித்து அடங்கும். இங்கே முன்னால் ஓடும் மாடு யார் என்று நான் சொன்னால் வம்பு. ஆனால் அவரிடம் போய்ச் சேராத வரை நீங்கள் பின்னால்தான் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

திங்கட்கிழமை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அந்த ஒரு பக்கம். 12 மணி கால் ரத்து. போகிற இரண்டு சீனியர்களிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். நிறுத்தி வைக்க முயல வேண்டாம், அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. எந்தக் கேட்டை நான் மூடினேன் என்று மட்டும் கேளுங்கள். போகிறவர்கள் மனம்விட்டுச் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை அரை மணி நேரத்தைத் திரும்ப வையுங்கள். காலை 8:30, சென்னையில் மாலை 7. நவம்பருக்குப் பிறகு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுங்கள். இரவுக் காவலுக்குப் போகும் கௌபாய்கள் மந்தையைச் சுற்றி வரும்போது மெதுவாகப் பாடிக்கொண்டே வருவார்கள். மாடு ரசிக்கும் என்பதற்காக இல்லை. இருட்டில் யாரோ திடீரென்று வந்தால் அது மிரளும், குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் நம்ம ஆள்தான் என்று படுத்திருக்கும். அது மாதிரி ஒரு குரலாக இருந்தால் போதும். முதல் வாரம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். உங்கள்மேல் இன்னும் பயம் இருக்கிறது. நீங்களும் வேலை பற்றி எதுவும் கேட்காதீர்கள். கேமராவைப் போட்டுக்கொண்டு காலை டிபனைச் சாப்பிடுங்கள், என்ன டிபன் என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ ஒருவர், “மேடம், ஒரு சின்ன விஷயம், சொல்லலாமா தெரியல” என்று ஆரம்பிப்பார். அப்போது நோட்டுப் புத்தகத்தை எடுக்காதீர்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.